அஞ்சு மணி வீட்டுக்கு முன்னால்

"அஞ்சு மணிக்கு ஒரு வீடு இருக்கு. அதுக்கு முன்னாடி முடிச்சிடலாம்" என்றாள் டாக்டர்.

சொல்லிவிட்டுக் காலைச் சாப்பாட்டுத் தட்டைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தாள். பின்னால் கணவர் செய்தித்தாளை மடித்தார், மடித்ததை மறுபடி விரித்தார். மகள் சமையலறை வாசலில் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். நாயின் தலை அவள் மடியில் இருந்தது. அதன் கண்கள் திறந்திருந்தன. எதையும் பார்க்கவில்லை.

"எதை முடிக்கப் போறே?" என்றாள் மகள்.

"மேனேஜரைத்தான் சொல்றேன்."

"அது தெரியுது. வாயால சொல்றியான்னு பாத்தேன்."

டாக்டர் குழாயை மூடினாள். "கஷ்டப்படறான். இழுத்துக்கிட்டே போனா நமக்குத்தான் ஆறுதல், அவனுக்கு இல்ல." பல வீடுகளில் சொன்ன வாக்கியம். எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்தி மூச்சு விட வேண்டும் என்பது நாக்குக்கே பழகியிருந்தது. இப்போதும் குரல் அதே இடத்தில் தாழ்ந்தது, அதே இடத்தில் நின்றது. மகள் அதைக் கவனித்துவிட்டாள் என்று டாக்டருக்குத் தெரிந்தது.

"யாரு பண்ணுவா?"

"வேற யாரு, நான்தான்."

"பண்ணிட்டு அப்படியே அஞ்சு மணி வீட்டுக்குப் போயிடுவே."

"அவங்க நேத்தே சொல்லி வெச்சுட்டாங்கடி."

மகள் சத்தமில்லாமல் சிரித்தாள். "விடும்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்றார் கணவர். இருவரில் யாரிடம் சொன்னார் என்பது தெரியவில்லை.

மேனேஜர் என்று பெயர் வைத்தது அவர்தான். குட்டியாக வந்த முதல் வாரத்திலேயே அந்த நாய்க்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. விடிந்ததும் ஒவ்வொரு அறையாகப் போகும். யார் எழுந்திருக்கிறார்கள், யார் இன்னும் எழவில்லை என்று பார்க்கும். தூங்குகிறவரின் முகத்தருகே போய் நின்று மூச்சு விடும். குரைக்காது, நக்காது. "ஒரு வார்த்தை திட்டமாட்டார். ஆனா நின்னு பாத்துக்கிட்டே இருப்பார். அப்படியே எங்க ஆபீஸ் மேனேஜர்" என்றார் கணவர். பெயர் ஒட்டிக்கொண்டது. இந்த வாரம் மேனேஜர் எந்த அறைக்கும் வரவில்லை. சில மாதங்களாகவே உடம்பு சரியில்லை. வாந்தி எடுக்கும், சாப்பிடாது, சுருண்டு கிடக்கும். டாக்டர் வீட்டிலேயே குளுக்கோஸ் ஏற்றுவாள். மறுநாள் வாலை ஆட்டிக்கொண்டு வரும். பிறகு மறுபடி படுக்கும். இந்தமுறை அவளே ரத்தம் எடுத்தாள், அவளே பார்த்தாள். சிறுநீரகத்துக்கான எண்கள் எல்லாம் எகிறியிருந்தன. அந்த எண்களை அவள் எத்தனையோ பேருக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறாள். தனக்கே விளக்கிக்கொள்ள அதிக நேரம் தேவைப்படவில்லை.

இந்த வேலையில் இப்படி ஒரு மூலைக்கு வந்து சேர்வோம் என்று அவள் நினைத்திருந்ததில்லை. படித்து முடித்த கையோடு ஒரு பிராணிகள் காப்பகத்தில் சேர்ந்தாள். தெருநாய்களுக்குக் கருத்தடை, சொறிக்கு மருந்து, காலில் கம்பி சுற்றிக்கொண்டவை, தார் டின்னுக்குள் விழுந்த குட்டிகள். கையெல்லாம் கீறல். பிறகு சொந்தமாக ஒரு மருத்துவமனை வைத்தாள். தடுப்பூசி, அறுவை சிகிச்சை, அதற்கும் மேலே ஆலோசனை. பூனையைக் குளிப்பாட்டலாமா, கிளி ஏன் தன் இறகைத் தானே பிடுங்குகிறது, புதுக் குழந்தை வந்த வீட்டில் நாயை எங்கே படுக்க வைப்பது. உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் போனை நீட்டுவார். தன் நாயின் மலத்தைப் பல கோணங்களில் படம் பிடித்து வைத்திருப்பார். அவள் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துப் பதில் சொல்வாள்.

ஊரில் இன்னொரு டாக்டருக்கு இளகிய மனசு. ஒரு கிழட்டு நாயை அனுப்பிவைக்க அவரால் முடியவில்லை. "உங்களுக்குக் கை லேசு, நீங்க போய்ப் பண்ணிடுங்களேன்" என்று கேட்டார். போனாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் அணைக்க எழுந்தபோது வேண்டாம் என்றாள். வீடு திடீரென்று அமைதியானால் முதலில் பயப்படுவது நாய்தான். முதலில் தூங்கவைக்கும் ஊசி, நன்றாகத் தூங்கிய பிறகு அடுத்தது. நரம்பு ஒரே குத்தில் கிடைத்தது. ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்து, துடிப்பு தளர்ந்து, இடைவெளி விட்டு, நிற்கும்வரை கேட்டாள். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் எடுக்காமல் வைத்திருந்தாள், வீட்டுக்காரர்களுக்காக. அந்த வீட்டுக்காரர் நாலு பேரிடம் சொன்னார். மற்ற டாக்டர்களும் அனுப்ப ஆரம்பித்தார்கள். கட்டியை வெட்ட ஒருவர், எலும்பை ஒட்ட ஒருவர் என்று ஊரில் ஆள் பிரிந்தபோது இது அவளுக்கு என்று ஆயிற்று. மற்ற டாக்டர்கள் அவளுக்கு 'வழியனுப்புற மேடம்' என்று பெயர் வைத்திருப்பதைக் கம்பவுண்டர் ஒருநாள் உளறிவிட்டார். அவள் சிரித்தாள். ஆரம்ப வருடங்களில் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்ததும் காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். பிறகு சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். இப்போது கதவைச் சாத்தியதும் வண்டியைக் கிளப்பிவிடுகிறாள்.

அன்று காலை மருத்துவமனையில் கூட்டமில்லை. கம்பவுண்டர் போனைக் கையால் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"மேடம், ஒரு அம்மா லைன்ல இருக்காங்க. அவங்க வீட்டு முயல் அவங்க வீட்டுக்காரரைக் கடிச்சிடுச்சாம். முயலுக்கு ஏதாவது ஆயிடுமான்னு கேக்கறாங்க."

"வீட்டுக்காரருக்கு?"

"அவரைப் பத்தி ஒண்ணும் கேக்கல மேடம்."

டாக்டர் போனை வாங்கிப் பேசினாள். முயலுக்கு ஒன்றும் ஆகாது. கணவர் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி ஆஸ்பத்திரியில் காட்டட்டும். அந்தப் பெண், அவர்தான் முயலின் கேரட்டைப் பிடுங்கிச் சாப்பிட்டார், தப்பு அவர் பேரில்தான் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள்.

போனை வைத்ததும் கம்பவுண்டர் மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "மேனேஜர் எப்படி இருக்கார்?"

"இன்னிக்கு."

அவர் துடைப்பதை நிறுத்தினார். "நான் வரட்டுமா மேடம்? பிடிச்சுக்க ஒரு ஆள்..."

"வேணாம். பாப்பா பிடிச்சுப்பா."

மருந்து அலமாரியைத் திறந்து பையில் இரண்டு பேருக்கானதை எடுத்து வைத்தாள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று அஞ்சு மணிக்கு. மேனேஜரின் எடை அவளுக்குத் தெரியும். அளவு தானாகவே மனதில் வந்தது. ஊசிகளை உறையோடு அடுக்கும்போது, இப்போது ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். தொண்டையில், கண்ணில், எங்காவது. பரணில் இருக்கும் பழுப்புப் போர்வையை எடுக்கலாம், எப்படியும் தூக்கிப் போட வேண்டியதுதான் என்ற நினைப்பு மட்டும் வந்தது.

மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வந்தபோது சமையலறை வாசலில் யாருமில்லை. தண்ணீர்க் கிண்ணம் நிரம்பியபடி இருந்தது. கணவர் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்தால் கேள்வி வரும் என்று நின்றவரைப் போல இருந்தார்.

"எங்கங்க?"

"போயிட்டாங்க."

"எங்க போயிட்டாங்க?"

"சொல்லிட்டா போவா? உன் பொண்ணு."

"நீங்க தடுக்கலையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் துடைத்தார். "நான்தான் தூக்கி வண்டியில வெச்சேன்" என்றார்.

டாக்டர் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டு. கோபம் வரவில்லை. எழுந்து போய்த் தேடலாம் என்றும் தோன்றவில்லை. வெறுமனே உட்கார்ந்திருப்பது சுலபமாக இருந்தது. கணவர் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து எதிரில் வைத்தார். விருந்தாளிக்கு வைப்பது போல வைத்தார்.

போன் அடித்தது. சின்ன டாக்டர். படிப்பு முடிந்து அவளிடம் இரண்டு வருடம் வேலை செய்தவன். பிறகு ஊரின் மறுபக்கத்தில் தனியாக மருத்துவமனை திறந்துவிட்டான். பழக்கத்தில் எல்லோரும் இன்னும் சின்ன டாக்டர் என்றே கூப்பிடுகிறார்கள். அவனும் முடிந்துபோன நாய்களை அவளிடம்தான் அனுப்புவான்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. மேனேஜர் இங்கதான் இருக்கார்."

"சரி."

"பாப்பா கூட்டிட்டு வந்தா. அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொடறேன்னு சொன்னேன். அம்மாவைக் கேக்கறதுன்னா நான் எதுக்கு இவ்ளோ தூரம் வரேன்னு என்னைப் பிடிச்சுக்கிட்டா."

"சரி, சொல்லு."

"நீங்க ஹார்ட் கேட்டீங்களா மேடம்?"

"கேட்டேன்."

"எப்படி இருந்தது?"

அவள் காதில் அந்தத் துடிப்பு இருந்தது. முந்தாநாள் கேட்டது. ஒவ்வொன்றும் தனித்தனியாக, அவசரமில்லாமல், சீராக. அமைதியாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள், ஸ்டெதஸ்கோப்பை மடித்து வைத்தாள். ஆனால் வாந்தி எடுத்து எடுத்து உலர்ந்துபோன நாய்க்கு, ரத்த அழுத்தம் இறங்கிக் கிடக்கும் நாய்க்கு, இதயம் அப்படி அடிக்காது. தலைதெறிக்க ஓடும். ஓடாமல் மெதுவாக அடித்தால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது. கல்லூரிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் அது தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் பல வருடங்களாக அந்தக் குழாய் வழியாக அவள் கேட்டதெல்லாம் தளர்ந்துகொண்டே போகிற துடிப்புகள். மெதுவாக அடிக்கும் இதயம் என்றால் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அவள் காதுக்கு அர்த்தம்.

"மெதுவா இருந்தது" என்றாள்.

"ஆமா மேடம்." தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "உப்பு பாத்தேன். சோடியம் கீழ போயிருக்கு, பொட்டாசியம் ரொம்ப மேல. இது கிட்னி இல்ல மேடம்."

"அட்ரீனல்."

"ஆமா மேடம். உறுதியா சொல்றதுக்கு இன்னொரு டெஸ்ட் அனுப்பியிருக்கேன். ஆனா அதேதான்."

சிறுநீரகத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னச் சுரப்பி. அது ஓய்ந்துபோனால் நாய் சிறுநீரகம் கெட்டதைப் போலவே வேஷம் போடும். எண்களும் அப்படியே ஏறும். குளுக்கோஸ் ஏற்றினால் எழுந்து வாலாட்டும், பிறகு விழும். ஒரே வித்தியாசம், சிறுநீரகம் போனால் போனதுதான். இதற்கு மருந்து உண்டு. மருந்து போட்டால் நாய் அதன் ஆயுசு முழுக்க இருக்கும். அவள் உப்பைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"இப்ப எப்படி இருக்கான்?"

"சொல்ல முடியாது மேடம். பொட்டாசியம் இறங்கணும். அதுவரைக்கும் ஹார்ட் எப்ப வேணா நின்னுடலாம்."

கணவர் தானும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றாள். பிறகு வாங்க என்றாள்.

சின்ன டாக்டரின் மருத்துவமனை புதுச் சுண்ணாம்பு வாசனையோடு இருந்தது. உள்ளறையில் இரும்பு மேசைக்குப் பதிலாகத் தரையில் மெத்தை போட்டு மேனேஜரைப் படுக்க வைத்திருந்தார்கள். முன்னங்காலில் ஊசி, மேலே தொங்கும் பாட்டில், மார்பிலிருந்து ஓடும் கம்பிகள், சிறு திரையில் நகரும் கோடு. மகள் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் போட்டிருந்த அதே உடை, வாந்திக் கறையோடு. டாக்டர் வாசலிலேயே திரையைப் படித்துவிட்டாள். இருக்க வேண்டிய சிறிய மேடு இல்லை. உயரக் கூடாதது கூடாரம் போல உயர்ந்திருந்தது. பொட்டாசியம் ஏறிய இதயத்துக்குப் பாடப் புத்தகத்தில் போட்ட படம் போலவே இருந்தது.

உள்ளே ஒரு காலை வைத்தாள்.

"வராதம்மா" என்றாள் மகள். திரும்பிப் பார்க்கவில்லை.

"திரையைப் பாக்கணும்டி."

"அங்கருந்தே தெரியும் உனக்கு."

மேனேஜரின் மூக்கு அசைந்தது. தலையைத் தூக்காமல் காற்றை முகர்ந்தது. மகள் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். இப்போது வாசலுக்கும் நாய்க்கும் நடுவில் அவள் முதுகு இருந்தது. பிறகுதான் திரும்பி அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"பையையும் கொண்டு வந்திருக்கே."

டாக்டர் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பை தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து மாட்டிக்கொண்டு வந்தது தெரியவில்லை.

"வண்டியில வெச்சுட்டு வரேன்."

"வெச்சுட்டு அங்கயே இரு."

சின்ன டாக்டர் பாட்டிலின் சொட்டைச் சரிசெய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார், மகளுக்குப் பக்கத்தில் சிரமப்பட்டு உட்கார்ந்தார். "என்ன மேனேஜர், லீவு லெட்டர் குடுக்கவே இல்லையே" என்றார். குரல் பாதியில் உடைந்தது. அவர் அழுவதை டாக்டர் வாசலிலிருந்து பார்த்தாள். இவருக்கு இது எங்கே இருந்தது என்று யோசித்தாள். மணியைப் பார்த்தாள். அஞ்சு மணி வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம் ஆகியிருந்தது.

போனாள். போகாமல் இருக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

அது ஒரு தையல்காரப் பெண்ணின் வீடு. முன்னறை முழுவதும் துணி. தரையில் நூல் துண்டுகள், கத்தரித்த ஓரங்கள். மெஷினுக்கு அடியில், மிதிப்பலகைக்குப் பக்கத்தில் பூனை படுத்திருந்தது. தாடை எலும்பில் கட்டி. முகத்தின் ஒரு பக்கம் கண்ணை மூடும் அளவுக்கு வீங்கி, வாயிலிருந்து நாற்றமடித்துக்கொண்டிருந்தது. இரண்டு டாக்டர்கள் பார்த்துச் சொல்லியாயிற்று. படமும் எடுத்திருந்தார்கள். டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பூனையின் விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். வேகமான, சின்னச் சின்னத் துடிப்புகள். எடுக்கவில்லை. இடத்தை மாற்றி வைத்தாள். மறுபடி மாற்றினாள். தையல்காரி சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரத்தம் எப்ப எடுத்தீங்க?" என்றாள் டாக்டர்.

"போன மாசம் டாக்டர்."

"உப்பெல்லாம் பாத்தாங்களா?"

"தெரியலையே." தையல்காரியின் முகத்தில் ஏதோ ஒன்று எழும்பியது. சுவரைவிட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். "ஏன் டாக்டர்? பொழைக்குமா?"

அந்த முகத்தை டாக்டர் நேராகப் பார்க்க வேண்டியிருந்தது. கட்டி கண்ணெதிரே இருந்தது. தொட்டாலே எலும்பு நொறுங்கும். இதில் மறைந்திருக்க எதுவுமில்லை. கேட்டிருக்கவே கூடாத கேள்வி அது.

"இல்லம்மா" என்றாள். "பொழைக்காது. நான் சும்மா கேட்டேன்."

தையல்காரி தன் இடத்துக்குத் திரும்பி நின்றாள். இப்போதுதான் அழ ஆரம்பித்தாள். டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். குரல் தாழ வேண்டிய இடத்தில் தாழவில்லை. தட்டையாகவே போனது. ஊசி போட்டாள். நரம்பு முதல் குத்தில் கிடைக்கவில்லை.

மேனேஜர் பிழைத்துக்கொண்டது. மறுநாள் விடிந்தபோது தலையைத் தூக்கியிருந்தது. அதற்கு மறுநாள் சின்ன டாக்டரின் மருத்துவமனையில் ஒவ்வொரு கூண்டாகப் போய் எட்டிப் பார்த்ததாகக் கணவர் வந்து சொன்னார். "அங்கயும் இன்ஸ்பெக்‌ஷன். ஒரு பூனைக்கு மெமோ குடுத்துட்டார்." டாக்டர் சிரித்தாள். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. இருக்கிறதா என்று உள்ளே தேடினாள். பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கடித்துப் பார்ப்பதைப் போல இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு மேனேஜரின் இடம் மகளின் அறை என்று ஆயிற்று. பாயும் கிண்ணமும் அங்கே போயின. மாத்திரையை மகளே உடைத்துக் கொடுத்தாள். காலையில் ரவுண்ட்ஸ் மறுபடி ஆரம்பமானபோது அறைக்கதவைத் திறந்துவிட்டு மகளும் கூடவே வந்தாள். அம்மாவின் கட்டில் வரைக்கும் மேனேஜர் வரும். முகத்தருகே நின்று மூச்சு விடும். டாக்டர் கண்ணைத் திறக்காமல், கையை நீட்டாமல் கிடப்பாள். வாசலில் மகள் நிற்பது தெரியும். "போதும், வா" என்று அவள் கூப்பிட்டதும் நகங்கள் தரையில் தட்டிக்கொண்டே விலகிப் போகும். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடு, கதவைச் சாத்து, சாவி எங்கே என்ற பேச்செல்லாம் வழக்கம் போலவே இருந்தது. நாயைப் பற்றி மட்டும் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரும் கேட்கவில்லை.

ஒரு விடுமுறை நாளில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது டாக்டர் கணவரிடம் கேட்டாள். "கிட்னின்னு சொல்லி அனுப்பி வெச்சதுல இன்னும் எத்தனை இது மாதிரி இருந்திருக்கும்?"

கணவர் ஒரு தலையணை உறையை நாலாக மடித்தார். "நீயா பாத்து முடிவு பண்ணினதா? மத்தவங்க பாத்து அனுப்பினதுதானே?"

"போனதும் நான்தானே காதை வெச்சுக் கேட்டேன்."

அவர் உறையைப் பிரித்து மறுபடி மடித்தார். அவள் நினைவுபடுத்திப் பார்த்தாள். மெதுவாக அடித்த இதயம் ஏதாவது. ஒரு முகமும் வரவில்லை, நாயினுடையதும் இல்லை, மனிதருடையதும் இல்லை. தரைகள்தான் வந்தன. பச்சைப் புள்ளி போட்ட தரை. சக்கரத் தடம் பதிந்த சிமெண்ட். ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்த விரிப்பு. மரத்தரையின் இடுக்கில் யாரோ தவறவிட்ட தோடு. அவள் தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, கேட்டுக்கொண்டே பார்த்தவை எல்லாம் அவைதான்.

அஞ்சு மணி வீடுகளை அவள் நிறுத்தவில்லை. அனுப்புகிறவர்களிடம் ரத்தப் பரிசோதனையை முழுதாகப் பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்று மட்டும் கம்பவுண்டர் மூலம் சொல்லி வைத்தாள். "திடீர்னு என்ன மேடம் ரூல்ஸ்னு கேக்கறாங்க" என்றார் கம்பவுண்டர். "கேக்கட்டும்" என்றாள்.

மேனேஜருக்கு மாதம் ஒரு ஊசி போட வேண்டும். முதல் ஊசியைச் சின்ன டாக்டர் போட்டு அனுப்பியிருந்தான். அடுத்ததற்கான நாள் வந்தது. காலையில் டாக்டர் மேசையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் வந்து ஒரு அட்டைப்பெட்டியை அவள் எதிரில் வைத்தாள். பக்கத்தில் ஒரு ஊசி, உறையோடு.

"நீயே போடு" என்றாள்.

டாக்டர் கத்தியைக் கீழே வைத்தாள். "அங்க கூட்டிட்டுப் போகலையா?"

"வண்டியில ஏத்தினாலே நடுங்கறான். போன தடவை வழி பூரா வாந்தி."

"நீ போடலாமே. சொல்லிக் குடுத்திருப்பானே."

"சொல்லிக் குடுத்தான். எனக்குக் கை நடுங்குது. அவனும் நடுங்கறான். ரெண்டு பேரும் நடுங்கினா எப்படி?" பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "உனக்குத்தான் நடுங்காதே."

டாக்டர் எழுந்து கையைக் கழுவினாள். விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவித் துடைத்தாள். பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்தாள். மருந்து பால் போல வெள்ளையாக, அடியில் படிந்திருந்தது. குலுக்கினாள். ரப்பர் மூடியைத் துடைத்து ஊசியைக் குத்தப் போனவள் நிறுத்தினாள். குப்பியின் மேல் ஒட்டியிருந்த தாளை வெளிப்பக்கமாகத் திருப்பி மகளிடம் நீட்டினாள்.

மகள் அதை வாங்கவில்லை. அம்மாவின் கையில் இருக்கும்படியே விட்டுக் குனிந்து படித்தாள். பெயரைப் படித்தாள். அளவைப் படித்தாள். காலாவதித் தேதியை விரல் வைத்துப் படித்தாள். டாக்டர் கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றாள் மகள்.

சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தார்கள். மேனேஜர் தானாக வந்தது. மகள் அதன் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுத் தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டாள். டாக்டர் பிடரித் தோலைத் தூக்கினாள். கனமான, தளர்வான, சூடான தோல். இத்தனை நாளுக்குப் பிறகு அதைத் தொடுகிறாள். ஊசி உள்ளே போனது நாய்க்குத் தெரியவில்லை. மெதுவாக அழுத்தினாள். வெள்ளை குறைந்துகொண்டே போய்த் தீர்ந்தது. வெளியே எடுத்து, குத்திய இடத்தைப் பெருவிரலால் தேய்த்துவிட்டாள்.

"ஆச்சு."

மகள் பிடியை விடவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த கை கீழே இறங்கி, முன்னங்காலுக்குப் பின்னால், விலாவின் மேல் போய் நின்றது. உள்ளங்கை முழுவதும் பதிந்திருந்தது. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, நாயையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணுகிறவளைப் போல உதடுகள் லேசாக அசைந்தன. கூடத்திலிருந்து கணவர் எதையோ கேட்டார். மேனேஜர் பெரிதாகக் கொட்டாவி விட்டது. எழுந்து போகலாமா என்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

டாக்டர் காலி ஊசியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக வேலை முடிந்ததும் முதலில் எழுந்திருப்பவள் அவள்தான். இப்போது எழவில்லை. மகளின் உள்ளங்கைக்கு அடியில் பழுப்பு மயிர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மகள் கையை எடுக்கவில்லை.